அந்த ஒரு சதவீதம்

ஒதில் பெரூவுக்கு ஹிக்ஸ் துகளோடு எந்தப் பகையும் கிடையாது. அதைப் பற்றி மேடை போட்டுப் பேசுகிறவர்களோடுதான் பகை. குறிப்பாக, ஜெனீவாவுக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு அடுத்த அறையில் இருந்த இத்தாலிக்காரன் தான்க்ரேதியோடு.

அந்தத் துகளைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உலகத்துக்குச் சொன்ன கட்டுரையில் பெயர் வந்த சுமார் மூவாயிரம் பேரில் தான்க்ரேதியும் ஒருவன். ஆனால் அவன் பேசிக் கேட்டால், மற்றவர்கள் எல்லாரும் அன்றைக்கு விடுப்பில் இருந்தார்கள் போலிருக்கும். பிரபஞ்சம் முழுக்கத் தேன் நிரம்பியிருக்கிறது, துகள்கள் அதில் நீந்துகின்றன, அதிகம் ஒட்டிக்கொள்வது கனமாகிறது, ஒட்டாதது லேசாகத் தப்பிவிடுகிறது என்பான். பள்ளிப் பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அமைச்சர்கள் அவர்களைவிட வேகமாக ஆட்டுவார்கள். ஆகவே உலகத்தின் எடை முழுவதும் ஹிக்ஸ் போட்ட பிச்சை என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்காகக் காத்திருப்பான்.

ஒதில் கோட்பாட்டுக்காரி. புரோட்டானின் நிறை எங்கிருந்து வருகிறது என்று ராட்சதக் கணினிகளில் கணக்குப் போடுவதுதான் அவள் வாழ்க்கை. புரோட்டானுக்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் சொந்த நிறையைக் கூட்டினால் மொத்தத்தில் ஒரு சதவீதம்தான் தேறும். ஹிக்ஸ் தருவது அதைத்தான். மிச்சமெல்லாம், உள்ளே அடைபட்ட குவார்க்குகள் ஓடுகிற ஓட்டமும், அவற்றை விடாமல் கட்டிப்போட்டிருக்கும் குளுவான்களின் ஆற்றலும். ஆற்றலே நிறையாகிறது, மனிதனின் எடை என்பது பெரும்பாலும் அடங்காத பரபரப்பு. இவ்வளவு பெரிய விஷயத்தைக் கேட்க எந்த அமைச்சரும் வந்ததில்லை. கணினி நேரம் தீர்ந்துவிட்டது என்று மின்னஞ்சல்தான் வரும். அந்த எரிச்சலில், காபி வரிசையில் தான்க்ரேதியைப் பார்த்தால் "வாங்க, ஒரு பர்சென்ட்" என்பாள். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான். புகழுள்ளவர்களுக்குக் கோபம் எளிதில் வராது.

ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்து ப்ரெவான் கிராமத்தில் குளிர்காலந்தோறும் ஒரு அறிவியல் உரை உண்டு. ஒவ்வொரு முறையும் தான்க்ரேதிதான் பேசுவான். அந்த வருஷம் ஜூரா மலையில் பனிச்சறுக்குப் போய்க் காலை முறித்துக்கொண்டான். மேயர் கிலெமெத் பதறிப்போய் வேறு ஆள் கேட்க, மாவுக்கட்டோடு படுத்திருந்தவன் ஒதிலின் பெயரைச் சொல்லிவிட்டான். மேயர் அழைப்பை முழுசாகச் சொல்லி முடிக்குமுன் அவள் சரி என்றாள். அந்த உரை எத்தனையோ வருஷமாக அவள் தொண்டையில் தயாராக நின்றிருந்தது.

'நிறையின் தோற்றுவாய்' என்று அவள் கொடுத்த தலைப்பு மேயருக்குப் பிடிக்கவில்லை. கூட்டம் சேர வேண்டாமா? 'நீங்கள் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறீர்கள்?' என்று சுவரொட்டி அடித்தார். கூட்டம் சேர்ந்தது. அதில் பாதிப்பேர் உடல் இளைக்க வழி தேடி வந்தவர்கள்.

ஒதில் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். குளுவான்களின் பெருமையைச் சொன்னாள். பாலாடைக்கட்டியைக் குறைத்தால் தீருமா என்று ஒரு அம்மாள் கேட்டதற்குக்கூடப் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு, ஹிக்ஸின் பங்கு வெறும் ஒரு சதவீதம் என்றாள். ருசித்து, இன்னொரு முறையும் சொன்னாள்.

முன்வரிசையில் இருந்த ஃபெர்னான் துவில்லார் எழுந்தார். சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தோட்டத்துக்கு அடியில்தான் ஹிக்ஸைப் பிடித்த துகள்முடுக்கியின் சுரங்கம் போகிறது. அதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

"கொஞ்சம் நில்லுங்கம்மா," என்றார். "எல்லையில நின்னு ஊர்ப்பட்ட பெட்டியத் திறந்து பாத்தவன் நான். போன வருஷம் வந்த இத்தாலிக்காரர் நூறும் எங்க சரக்குன்னாரு. நீங்க ஒண்ணுதான்கிறீங்க. அப்ப என் முள்ளங்கித் தோட்டத்துக்கு அடியில இருபத்தேழு கிலோமீட்டர் குடைஞ்சது இந்த ஒண்ணுக்குத்தானா?"

கூடம் சிரித்தது. மேயர் ஜன்னலைப் பார்த்தார்.

இந்தக் கேள்விக்காகத்தான் ஒதில் இத்தனை காலம் தவம் கிடந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தான்க்ரேதியின் கதை அந்த ஊரில் முடிந்துவிடும். ஆனால் தன் கணக்கை இந்த மனிதர் முள்ளங்கிக்காக ஹிக்ஸை அடிக்கும் தடியாகத் தூக்குவதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. வாய் வேறு எதையோ சொன்னது.

"ஐயா, அந்த ஒண்ணை எடுத்துட்டா என்ன ஆகும்னு கேளுங்க. எலக்ட்ரானுக்கு நிறை முழுசா அங்கேருந்துதான் வருது. என் குளுவான் அதுக்கு ஒரு துளி தராது. நிறை இல்லேன்னா எலக்ட்ரான் அணுக்கருவைச் சுத்தி நிக்காது, வெளிச்சம் மாதிரி ஓடிரும். அப்புறம் அணு ஏது, முள்ளங்கி ஏது?"

"எடை எவ்வளவு குறையும்?" என்றார் துவில்லார் விடாமல்.

"எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். ஆள்தான் இருக்க மாட்டீங்க."

இளைக்க வந்தவர்கள்தான் பலமாகச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஒதிலை யாராலும் நிறுத்த முடியவில்லை. குளுவான்களை நடுவழியில் விட்டுவிட்டு, மிச்ச நேரம் முழுக்க ஹிக்ஸுக்காக வாதாடினாள். தேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மானம் போகாமல் இருக்க, பாகு என்றாள்.

கைதட்டல் ஓய்ந்ததும் மேயர் ஒரு பெரிய கோம்தே பாலாடைக்கட்டித் துண்டைப் பரிசாகக் கொடுத்து, ஹிக்ஸ் துகளின் மாபெரும் காவலர் என்று அவளைப் புகழ்ந்தார். வெள்ளை ஒயின் ஊற்றும்போது துவில்லார் பக்கத்தில் வந்தார். சொன்னது புரிந்தது என்றும், சுரங்கத்தைப் பற்றித் தன் அபிப்பிராயம் மாறவில்லை என்றும் தெரிவித்தார். அந்தக் கூடத்தில் நேர்மையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

கிராமத்தார் உரையின் காணொளியை இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். தான்க்ரேதி ஊன்றுகோலோடு அவள் அறைக்கு வந்து நின்றான்.

"அந்த 'ஆள்தான் இருக்க மாட்டீங்க' இருக்கே, அதை என் உரையில சேத்துக்கலாமா?"

"என் குளுவானையும் சேத்துக்கிறதுன்னா எடுத்துக்கோ."

அவன் நிஜமாகவே யோசித்தான். "நேரம் பத்தாதே, ஒதில்."

அதோடு போகவில்லை. அவன் கால் சேரும்வரை விருந்தினர்களுக்கு ஹிக்ஸைப் பற்றிப் பேச அவளையே கேட்டது ஆய்வுக்கூட நிர்வாகம். மறுக்கத்தான் போனாள். போன இடத்தில், குளுவான்களுக்கு அரை மணி நேரம் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பத்து நிமிஷம் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை ஜெனீவாவுக்குப் போய் ஒரு புது மேல்கோட்டு வாங்கினாள். அன்று மாலை அதைப் போட்டுக்கொண்டு, அடுக்களையில் கணவனை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தாள். எலக்ட்ரான் ஓடும்வரை அவன் கண் விரித்துக் கேட்டான். குளுவான்கள் வந்ததும் தூங்கிவிட்டான். அவள் அவனை எழுப்பவில்லை. பத்து நிமிஷத்தையும் விடாமல் பேசி முடித்தாள்.