இரண்டாந்தரக் கிண்ணம்

1.

இந்தக் கதை ஓர் அச்சுப்பிழையில் பிறந்தது. பிழை என்னுடையது அல்ல. அதனால்தான் இவ்வளவு உற்சாகமாக எழுதுகிறேன்.

கனடாவின் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் தமிழ்க் கத்தோலிக்கர் கூடும் கோயில் ஒன்றிலிருந்து மாதாமாதம் ஒரு செய்திமடல் வருகிறது. 2008 கோடையில் வந்த மடலின் கடைசிப் பக்கத்தில் அயர்லாந்து நாட்டுப் பந்தாட்டம் பற்றி ஒரு சின்னக் கட்டுரை இருந்தது. தலைப்பு ‘இரண்டாந்தரக் கிண்ணம்’ என்று வந்திருக்க வேண்டும். வந்தது ‘இரண்டாந்தாரக் கிண்ணம்’.

ஓர் அரவு கூடிவிட்டது. (தமிழ்நாட்டில் இதைத் துணைக்கால் என்பார்கள். யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு அரவு.) தரம் தாரமாகிவிட்டது. இரண்டாம் படியில் நிற்கும் அணிகளுக்கான கிண்ணம், இரண்டாம் பெண்சாதிக்கான கிண்ணமாகிவிட்டது.

கட்டுரையை எழுதியவர் அருமைராசா, மனைவியை இழந்தவர். தட்டச்சு செய்தவர் றோஸ்மேரி, கணவனை இழந்தவர். ஒரு கதாசிரியனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று பேனாவை எடுத்தேன்.

2.

எடுத்தவன் தொடங்கத் தெரியாமல் திண்டாடினேன்.

தொடக்கம் ஒன்று: “அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு மேலாக ஒரு பந்து மெல்ல, மிக மெல்ல...” (வேண்டாம். பந்து வந்து சேர்வதற்குள் வாசகர் எழும்பிப் போய்விடுவார்.)

தொடக்கம் இரண்டு: “அருமைராசா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவர் மனதில்...” (மனதில் என்ன இருந்தது என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. என் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருக்கிறார் என்பதற்காக ஒரு மனிதரின் மனதுக்குள் நான் புகுந்துவிட முடியாது.)

தொடக்கம் மூன்று: “றோஸ்மேரி ஒரு _______ பெண்.”

கோடிட்ட இடத்தில் நான் ஒரு சொல் எழுதியிருந்தேன். காணவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். எனக்குக் கணினியில் தமிழ் அடிக்கத் தெரியாது. எங்கள் ஆட்களின் கலியாண அழைப்பிலிருந்து இறந்தவர் நினைவாக வரும் அந்தியேட்டி மலர் வரை எல்லாவற்றையும் அடித்துக் கொடுப்பவர் றோஸ்மேரிதான். இந்தக் கதையையும் நான் கையால் எழுதி அவரிடமே கொடுக்கிறேன். கோயிலின் நத்தார் (கிறிஸ்துமஸ்) மலரில் வரப்போகிறது. சைவக்காரனான என்னிடம் கதை கேட்டது அவர்களுடைய பெருந்தன்மை.

ஆகவே கதையின் நாயகியே கதையைத் தட்டச்சு செய்கிறார். இதை யோசித்துத்தான் நான் பெயர்களை மாற்றியிருந்தேன். றோஸ்மேரியை நிரஞ்சனி என்றும், அருமைராசாவை லக்ஷன் என்றும் எழுதினேன். முதல் பக்கம் அடித்து வந்தபோது இரண்டு பேரும் பழையபடி தங்கள் பெயர்களுக்குத் திரும்பியிருந்தார்கள்.

[தட்டச்சு செய்தவர் குறிப்பு: நிரஞ்சனி என்று என்னோடு கார்டரியில் பிள்ளை பராமரிக்கிற ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஏன் வீண்பழி. கோடிட்ட இடத்தில் இருந்தது ‘அழகிய’. மிகை என்பதால் எடுத்துவிட்டேன்.]

3.

இனிப் பந்தாட்டம். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

அயர்லாந்தின் கேலிக் உதைபந்தில் பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையாலும் கொண்டுபோகலாம், காலாலும் உதைக்கலாம். கம்பங்கள் ஆங்கில எச் எழுத்து மாதிரி நிற்கும். குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழால் வலைக்குள் போனால் மூன்று. கவுண்டிக்குக் கவுண்டி, அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம், அணி உண்டு. விளையாடுபவர்களுக்குச் சம்பளம் இல்லை. திங்கட்கிழமை ஆசிரியராகவோ தச்சராகவோ வேலைக்குப் போய்விடுவார்கள்.

மாகாணப் போட்டியில் தோற்ற கவுண்டிகளுக்கு இன்னொரு வாசல் இருந்தது. அதனூடாகத் திரும்பவும் நாடு முழுவதற்குமான பெரிய கிண்ணத்துக்குப் போகலாம். ஆனால் அந்த ஆண்டுகளில் லீக் பட்டியலின் அடியில் கிடந்த அணிகளுக்கு அந்த வாசலும் சாத்தப்பட்டது. அவர்களுக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணம். அதுதான் நம்முடைய இரண்டாந்தரக் கிண்ணம்.

அருமைராசா ஓர் ஐரிஷ் மதுச்சாலையில் சமையல் செய்கிறார். முதலாளி டெக்லன், ஆண்ட்ரிம் கவுண்டிக்காரர். பெரிய கிண்ணத்து ஆட்டங்களைச் செய்மதித் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். சின்னக் கிண்ணத்தை யார் காட்டப்போகிறார்கள்? அதனால் டெக்லனின் தம்பி அங்கே வானொலிக்குப் பக்கத்தில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருப்பார். இங்கே சமையலறைத் தொலைபேசியின் ஒலிபெருக்கியில் கடலோசை மாதிரி ஏதோ வரும். ஒரு சனிக்கிழமை நானும் போய்க் கேட்டேன். ஆட்டம் அங்கே பின்னேரம், இங்கே காலை. சூப்புப் பானையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வர்ணனையாளர் சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இருந்தும் கொஞ்ச நேரத்தில் ஆவிக்குள்ளே புல் தெரிந்தது. ஆட்கள் ஓடினார்கள். யாரோ மேலே எறிந்த பந்து இறங்க மனமில்லாமல் நின்றது. அருமைராசா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக் கேட்டதைத்தான் அவர் எழுதினார். எழுதச் சொன்னது றோஸ்மேரி. மடலின் கடைசிப் பக்கம் காலியாகக் கிடக்கிறது, ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டாராம். அந்தக் கோயிலில் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கவிஞர்கள் தேவைக்கு அதிகமாகவே இருக்கிறார்கள். ஏன் ஒரு சமையற்காரரிடம் போய்க் கேட்டார் என்று நான் சும்மா வியக்கிறேன், அவ்வளவுதான்.

[தட்டச்சு செய்தவர் குறிப்பு: பக்கம் காலியாகக் கிடந்தது உண்மை.]

4.

இந்தப் பகுதியை எழுதலாமா என்று இரண்டு கிழமை யோசித்தேன். அடிக்கப்போகிறவர் அவர்தானே, பிடிக்காவிட்டால் அழித்துவிடுவார் என்று எழுதுகிறேன்.

அதற்கு முந்திய கோடையில், 2007இல், அருமைராசா றோஸ்மேரியிடம் கேட்டார். வில்லா-மரியா மெத்ரோ மேடையில், இரண்டு பேரும் வெவ்வேறு திசைக்கு வண்டி பார்த்து நின்றபோது. என்ன சொற்களால் கேட்டார் என்று எனக்குச் சொல்லவில்லை. றோஸ்மேரி சொன்னது மட்டும் தெரியும். வேண்டாம், ஆக்கள் கதைப்பினம் என்றார். வண்டி வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அதே கோடையில் ஆண்ட்ரிம் சின்னக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குப் போய் விக்லோ கவுண்டியிடம் தோற்றது. (இதை நான் கதைக்காக ஒட்டவைக்கவில்லை. நடந்தது.)

பிறகு ஒருநாள், மாடிப்படியில் வைத்து அருமைராசா என்னிடம் இதைச் சொன்னார். இன்னொருமுறை கேட்டுப் பார்க்கலாமே என்றேன். நான் ஏதோ களவெடுக்கச் சொன்னதுபோல என்னைப் பார்த்தார்.

“ஒருக்காக் கேட்டால் அது கேள்வி, அண்ணை. ரெண்டாந்தரம் கேட்டால் கரைச்சல். தனிய இருக்கிற மனுசிக்கு நான் கரைச்சல் குடுக்க மாட்டன்.”

அந்த மரியாதை எனக்குப் பிடித்தது. அந்த மரியாதையின் மேல் எனக்குக் கோபமும் வந்தது. இரண்டும் உண்மை. மேல்மாடியில் ஒற்றை ஆளுக்கு வெங்காயம் பொரியும் வாசம் வரும்போதெல்லாம் அந்தக் கோபம் திரும்ப வரும்.

[தட்டச்சு செய்தவர் குறிப்பு: இந்தப் பகுதியை அழிக்கவில்லை.]

5.

இது கதைக்குத் தேவையில்லாத கனவு. அவசரக்காரர் தாண்டிப் போகலாம்.

டெகாரி நெடுஞ்சாலை எங்கள் பகுதியை வெட்டிக்கொண்டு, பள்ளத்துக்குள்ளால் ஓடுகிறது. கனவில் அதில் ஒரு வாகனமும் இல்லை. அடியில் புல் முளைத்திருந்தது. முப்பது பேர் சத்தமில்லாமல் விளையாடினார்கள். இரண்டு கரையிலும் எங்கள் சனம், குளிர் உடுப்போடு, கையில் தேநீரோடு. ஆண்ட்ரிம் எது, விக்லோ எது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். இவர்கள் முதல்தரம் வந்தவர்கள், அவர்கள் இரண்டாந்தரம் வந்தவர்கள் என்றார். தரம் என்றால் தகுதியா, தடவையா என்று கேட்க வாயெடுத்தேன். பனி விழத் தொடங்கியது. புல் அப்படியே பச்சையாக இருந்தது.

விழித்தபோது எனக்கு அந்தச் சொல்லில் ஆசை வந்துவிட்டது. தமிழில் தரம் என்பது ஒருவருடைய மட்டம். அதுவே ஒருவர் முயன்ற தடவை. இரண்டாந்தரம் என்று ஒதுக்கப்பட்டவன் இரண்டாந்தரம் வந்தால் அவனை எந்தத் தரத்தில் சேர்ப்பது? (இங்கே ஒரு கட்டுரை தொடங்கப் பார்க்கிறது. அடக்கிவிட்டேன்.)

6.

இனி அந்தப் பிழை.

2008இல் ஆண்ட்ரிம் திரும்பவும் இறுதியாட்டத்துக்கு வந்தது. எதிரில் அதே விக்லோ. அருமைராசா அதைப் பற்றி எழுதிக் கொடுத்தார். ஞாயிறு பூசை முடிந்து, கோயிலின் கீழ் மண்டபத்தில் தேநீரும் றோல்ஸும் நடக்கும்போது மடல் கைக்குக் கை போனது. (நான் பூசைக்குப் போவதில்லை. றோல்ஸுக்குப் போவேன்.) சவிரிமுத்து என்ற மனிதர், பகிடி விடுவதற்கென்றே கோயிலுக்கு வருகிறவர், தலைப்பை உரக்க வாசித்தார். இரண்டாந்தாரக் கிண்ணம் எந்தக் கடையில் விற்கிறது, தனக்கும் ஒன்று வேண்டும் என்றார். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றார். மண்டபம் சிரித்தது.

பிறகு சிலர் எழுதியவரைப் பார்த்தார்கள், அடித்தவரைப் பார்த்தார்கள். சிரிப்பு வேறு மாதிரிச் சிரிப்பாயிற்று.

அருமைராசாவின் முகம் கறுத்துவிட்டது. றோஸ்மேரி தேநீர் வார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளி சிந்தவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அருமைராசா நேரே அவரிடம் போனார்.

“என்ர கையெழுத்துத்தான் பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

“உங்கட எழுத்தில பிழை இல்லை,” என்றார் றோஸ்மேரி.

அப்படியென்றால் விரல் தடக்கியிருக்கும் என்று அருமைராசா சமாதானம் சொன்னார். அது நடக்கக்கூடியதுதான். பாமினி எழுத்துருவில் த-வுக்கு ஜே விசை, அரவுக்கு எச் விசை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. (கோல் கம்பமும் எச், அரவும் எச். இது நான் வைத்த குறியீடு அல்ல. விமர்சகர்கள் சிரமப்பட வேண்டாம்.)

றோஸ்மேரி கேத்தலைக் கீழே வைத்தார்.

“நான் கண்ணை மூடிக்கொண்டு அடிச்சாலும் பிழை விடமாட்டன்.”

அந்த நேரம் பார்த்து ஒருவர் சீனி கேட்டு வந்தார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அருமைராசா, றோஸ்மேரி கோபமாக இருக்கிறார் என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அடுத்து வந்த இறுதியாட்டத்தில் ஆண்ட்ரிம் வென்றது. டெக்லன் சமையலறைக்குள் நின்று அழுதாராம். பார்த்தீரா, இரண்டாந்தரம் போனவன் வென்றான் என்று நான் சொன்னேன்.

“அது பந்து, அண்ணை. பந்துக்கு மனம் நோகாது,” என்றார்.

7.

முடிவுகள் கைவசம் இருக்கின்றன. பாருங்கள்.

அருமைராசா திரும்பக் கேட்கிறார், றோஸ்மேரி ஓம் என்கிறார், நகருக்கு வெளியே லவாலில் ஒரு குட்டி வீடு. (வாசகர்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் அருமைராசா கேட்கமாட்டார். அவரை நான் கேட்கவைத்தால் அது வேறொருவர்.)

அவர் கேட்கவில்லை. மாதாமாதம் கடைசிப் பக்கம் காலியாகிறது, அவர் நிரப்புகிறார், றோஸ்மேரி அடிக்கிறார். இரண்டு பேரும் அப்படியே... (இல்லை. இதை எழுதினால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு முடிவை வைக்கக்கூடாது.)

அது வெறும் அச்சுப்பிழை. (நான் நம்பவில்லை. ஆனால் யாரும் அதை என்னிடம் உறுதிசெய்யவில்லை. றோஸ்மேரியிடம் நேரே கேட்க எனக்குத் துணிவில்லை. பக்கங்களைக் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பேன். அவர் பக்கங்களைத்தான் பார்ப்பார்.)

8.

ஆகவே முடிவை எழுதாமல் விடுகிறேன். எழுதத் தெரியாமல் அல்ல. இது என்னுடையது இல்லை என்பதால். முடிவை வாசகரிடமே ஒப்படைக்கிறேன்.

— சிவநேசம்

[தட்டச்சு செய்தவர் குறிப்பு: சிவநேசம் அண்ணை முடிவை வாசகரிடம் விட்டிருக்கிறார். எந்த வாசகரிடம் என்று எழுதவில்லை. எனக்கு ஒரு வாசகரைத்தான் தெரியும். நத்தார் மலரைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிறவர்.

அருமைராசா, உங்கட பெயரையும் என்ர பெயரையும் திரும்பப் போட்டது நான்தான். இந்தக் கோயில் முழுக்க வாசிக்கும் எண்டு தெரிஞ்சுதான் போட்டனான். மெத்ரோவில நான் சனத்துக்குப் பயந்து சொன்ன பதில் அது. வீட்டுக்குப் போய்ச் சேரமுந்தியே பிழை எண்டு விளங்கிட்டுது. நீங்கள் பிறகு கேக்கவேயில்லை. நான் ஒரு அரவு போட்டுப் பார்த்தன். நீங்கள் மன்னிப்புக் கேட்டீங்கள்.

நீங்கள் இரண்டாந்தரம் கேக்க வேண்டாம். நான் கேக்கிறன். எனக்கு இது முதல்தரம். என்னைக் கலியாணம் செய்வீங்களோ?

பதிலை எழுதித் தரவேண்டாம். தந்தால் அதையும் நான்தான் அடிக்கவேணும். வந்து சொல்லுங்கோ.]