சைவம் எண்டால் மரக்கறியாம்

ரிசாந்தின்ரை அகதி விண்ணப்பத்தை நிராகரிச்ச கடிதம் வந்தது. அவன் நோர்வேயில, ஸ்டோவ்னரில எங்கட வீட்டில வாடகைக்கு இருந்தவன். நோர்வேஜியன் விளங்காது. என்ரை மகள் அபிஷாதான் வாசிச்சவள்.

"அப்பா, இந்த அண்ணா முந்தி வெஜிடேரியனாம். பிறகு இந்து வேதங்களுக்கு மாறினவராம். அதாலை ஊரில அடிச்சவங்களாம். நம்பேலாதாம்." சிரிச்சுப்போட்டுத்தான் அவன்ரை முகத்தைப் பாத்தவள்.

அவன் விசாரணையில சொன்னது இவ்வளவும்தான்: "நான் முந்தி சைவம். பிறகு வேதத்துக்கு மாறினனான்." யாழ்ப்பாணத்தில ஆருக்கும் விளங்கும், சைவக்காரன் கிறிஸ்தவனாகிட்டான் எண்டு. அதுக்குத்தான் ஊரில அவன் சேந்த சபையின்ரை செபவீட்டை எரிச்சு, அவன்ரை கையையும் முறிச்சவங்கள்.

மொழிபெயர்த்தவர் ராகவன், சென்னைக்காரர். குறொன்லாண்டில கடையில கண்டு பழக்கம். கேட்டன்.

"சைவம்னா வெஜ் தானே சார்? கடைசில எல்லாத்தையும் தமிழ்ல படிச்சுக் காட்டினேனே. சரின்னு கையெழுத்துப் போட்டாரே."

உண்மைதான். திருப்பி வாசிக்கேக்கையும் சைவம், வேதம் எண்டுதானே வந்தது. பெடியன் தலையாட்டிப்போட்டான்.

வக்கீல் எல்லாம் விளக்கி மேல்முறையீடு எழுதினா. நாலு மாசத்தால பதில் வந்தது. கையெழுத்து வைச்ச பிறகு கதையை மாத்துறாராம். அப்பிடிக் கிறிஸ்தவன்தான் எண்டாலும், ஊரில வெளியில காட்டாமல் வீட்டுக்குள்ளை செபிக்கலாமாம்.

நானும் சைவக்காரன். மதம் மாறுறது எனக்குப் பிடிக்காது. அவன் வந்த முதல் கிழமையே அதைச் சொல்லி அவனோடை சண்டை பிடிச்சனான். ஆனா இஞ்சை நாங்கள் ரோட்டில தேர் இழுக்கிறம், பொலிஸ் வந்து வாகனத்தை மறிச்சுத் தருது. எங்களை ஒருத்தரும் வீட்டுக்குள்ளை கும்பிடச் சொல்லேல்லை.

போன செவ்வாய் அவனை நாட்டுக்குத் திருப்பி அனுப்பப் பொலிஸ் வந்தது. பையை அடுக்கிக்கொண்டு சொன்னான், "அண்ணை, எனக்கு அடிச்சவங்களுக்கு நான் சொன்னது வடிவா விளங்கினது."

பிறகு பைபிளை எடுத்து என்ரை கையில தந்தான். "கட்டுநாயக்கா எயாப்போட்டில பையைக் கிளறுவாங்கள். ஊரிலயும் வீட்டில வைக்கேலாது. நீங்கள் வைச்சிருங்கோ."

"நான் என்னடாப்பா செய்யிறது இதை?"

"வாசிக்கச் சொல்லேல்லை. எறியாமல் விட்டாப் போதும்."

சாமியறையில வைக்க மனிசி விடமாட்டா. வரவேற்பறையில கிடந்தால் வாற சனம் கேள்வி கேக்கும். அலுமாரியில குளிர்கால உடுப்புக்குக் கீழை ஒளிச்சு வைச்சிருக்கிறன்.