படகுக்காரியைக் கேட்காமல்

எங்கள் டிப்போவில் எந்த பஸ்ஸை எந்த டிரைவர் ஓட்டுவது என்று முடிவு செய்பவள் நான். முப்பத்தெட்டு பேருக்கு டூட்டி போட்டுப் பழகிய கை வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா? தங்கைக்கு வெளியூரில் வேலை கிடைத்தபோது, வீட்டுக் கம்ப்யூட்டரில் திறந்து கிடந்த அவள் மெயிலிலிருந்து, "என்னால் சேர இயலாது" என்று அவள் பெயரில் நானே பதில் அனுப்பிவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான். அதன் பிறகு இரண்டு வருடமாக அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

தம்பிதான் வழி சொன்னான். சனிக்கிழமை மதியங்களில் அவனும் அவளும் ஃபோனில் ஒரு கதை விளையாட்டு ஆடுகிறார்கள். குரல் கிடையாது, படம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். தம்பி ஓர் உலகத்தைச் சொல்வான். ஆடுகிறவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று எழுதுவார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் ஃபோனே பகடை உருட்டிச் சொல்லும்.

"அவகிட்ட கேட்டேன், வரட்டும்னா" என்றான். "ஒரே விதிதான். உன் ஆளு என்ன பண்றாங்கறத மட்டும் எழுது. அடுத்தவங்க ஆளைத் தொடாத. தொட்டேன்னா அவ போயிடுவா."

"இது என்ன கம்பசூத்திரமா?" என்றேன்.

முதலில் ஒரு படிவம். பெயர்: படித்துறைக் காவல்காரி. பலம்: யாருக்கும் பயப்படாதவள். பலவீனம் என்ற இடத்தில் கால் மணி நேரம் விழித்தேன். "நான் வேணா நிரப்பட்டுமா?" என்று தம்பி கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்னுடையதை இவன் யார் நிரப்ப? "நீச்சல் தெரியாது" என்று நானே எழுதினேன்.

மதிய வண்டிகள் கிளம்பிப் போய் டிப்போ காலியாக இருந்தது. ஓய்வறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். தம்பி ஆரம்பித்தான்.

"ஏரிக்கு அடியில் ஓர் ஊர். தண்ணீருக்குள் விளக்குகள் எரிகின்றன. படிகள் இறங்கிக்கொண்டே போகின்றன. மேலே எங்கும் பனி. ஆழத்தில் யாரோ மணி அடிக்கிறார்கள்."

நம்பினால் நம்புங்கள், எனக்குப் பாதம் சில்லிட்டது. ஜன்னலுக்கு வெளியே கழுவிவிட்டிருந்த சிமெண்டுத் தரை மெல்ல ஏரியானது. நின்றுபோன பஸ் ஒன்று அதில் மிதந்தது. டீசல் வாசனைகூட எங்கோ விலகிப் போயிற்று.

பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. படகுக்காரிதான் தங்கை. அவள் எழுதினாள்: "படகுக்காரி படித்துறையைப் பார்க்கிறாள்."

இரண்டு வருடம் கழித்து அவளிடமிருந்து என் கண்ணில் பட்ட முதல் வரி. எனக்குத் தலைகால் புரியவில்லை. விரல்கள் தாமாக ஓடின: "படகுக்காரி படகை ஓரம் கட்டுகிறாள். கோபமெல்லாம் போய், காவல்காரியைக் கட்டிக்கொள்கிறாள்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

"அக்கா, இது டிப்போ இல்ல" என்று தம்பி எனக்குத் தனியாக அனுப்பினான். அதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது: "படகுக்காரி படகைத் திருப்புகிறாள்."

நல்லதுக்குத்தான், நல்லதுக்குத்தான் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அவளை ஒரு தடவை கேட்டேனா? வெட்கமாக இருந்தது. அனுப்பிய வரியை அழித்தேன். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன்: "காவல்காரி முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி நிற்கிறாள். 'உன்னைக் கேக்காம பண்ணது தப்பு. நான் படகுல ஏறலாமா?' என்று கேட்கிறாள்."

"பகடை உருட்டவா?" என்றான் தம்பி.

"வேண்டாம். இதுக்கு நானே பதில் சொல்றேன்" என்று தங்கை எழுதினாள்.

அவள் எழுதுகிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. டிரைவர் ஒருவர் வந்து வண்டிச் சாவி கேட்டார். "கொஞ்சம் இருங்கண்ணே, படகு போயிடும்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

பதில் வந்தது. "'இன்னைக்கு வேண்டாம்க்கா' என்கிறாள் படகுக்காரி. 'அடுத்த சனிக்கிழமையும் கேளு.'"

அந்தப் படகில் இன்னும் நாலு பேர் தாராளமாக உட்காரலாம். எனக்கு நன்றாகவே தெரியும். அதை நான் எழுதவில்லை. "சரி" என்று மட்டும் எழுதிவிட்டு, படகு பனிக்குள் போய் மறையும்வரை தண்ணீரிலேயே நின்றேன்.