தையல்காரரின் காலி ஃபோல்டர்

“அண்ணா, டிஸ்க் ஃபுல்லுனு வருது. பதினோரு மணிக்கு டாக்டர் வர்றார். உடனே வா,” என்றாள் தங்கை போனில்.

பாதி கழற்றிய லேப்டாப்பைக் கடையில் அப்படியே போட்டுவிட்டு அவள் பயிற்சி அறைக்குக் கிளம்பினேன். ஊரார் கம்ப்யூட்டரையெல்லாம் நான்தான் பழுது பார்க்கிறேன். என் கூடப் பிறந்தவள் மட்டும் நிலைமை கைமீறின பிறகுதான் கூப்பிடுவாள்.

அவள் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதத்தில் பேச்சு போனவர்களைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்து வீடியோ எடுப்பாள். அன்று வரவேண்டியவர் ஒரு தையல்காரர். பத்து மாதமாக வருகிறார்; ஒரு சொல்லும் வரவில்லை. ஏதாவது முன்னேற்றம் இருக்கிறது என்று டாக்டருக்குக் காட்டாவிட்டால் அன்றோடு பயிற்சி நின்றுவிடும். அவருடைய இடம் காத்திருக்கும் வேறொருவருக்குப் போய்விடும்.

வீட்டுக்கும் வேலைக்கும் அவள் கையோடு கொண்டுபோய் வரும் ஐநூறு ஜிபி டிஸ்க். உள்ளே இருந்ததையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நாற்பதுகூடத் தேறவில்லை.

“தினமும் வீட்டுக்குப் போனதும் வேண்டாததை அழிச்சிடறேனே,” என்றாள்.

“எது வேண்டாதது?”

“தெளிவா வராததெல்லாம். தெளிவா சொன்னதை மட்டும் வெச்சுப்பேன். திரும்பப் பாக்கறப்ப அவங்களுக்கு நம்பிக்கை வரணும்ல?”

தையல்காரரின் ஃபோல்டரைத் திறந்தேன். காலி.

“மூளை இருக்கா உனக்கு? பத்து மாசம் உழைச்சிட்டு, காட்ட ஒண்ணுகூட இல்லையா?”

என் வாய் எப்போதும் இப்படித்தான். அவள் கண் கலங்கிவிட்டது. “அவர் ஒரு நாள்கூடத் தெளிவா சொல்லலையேண்ணா.”

டிஸ்க் பக்கம் திரும்பினேன். மறைந்திருப்பதையும் காட்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொன்னதும் மங்கலாக ஒரு ஃபோல்டர் எட்டிப் பார்த்தது. அவள் வீட்டு லேப்டாப் வேறு ரகம். அதில் அவள் அழித்ததெல்லாம் அழியாமல், இந்த டிஸ்க்குக்குள்ளேயே ஒரு மறைவான குப்பைத்தொட்டியில் சேர்ந்துகொண்டிருந்தது. அதைக் காலி செய்தால்தான் இடம் திரும்பும். அவள் ஒரு நாளும் செய்ததில்லை.

“ஒரு தட்டு தட்டினா போதும், டிஸ்க் பாதிக்கு மேல காலியாயிடும்,” என்று கையைக் கொண்டுபோனேன். அப்போதுதான் பட்டியல் கண்ணில் பட்டது. தையல்காரர், தையல்காரர், தையல்காரர். எண்ணிக்கையைப் பார்த்தேன். அவருடையது மட்டும் இருநூற்றுப் பதினான்கு.

கையை எடுத்துவிட்டேன். அத்தனையையும் தேதி வரிசையில் அவர் ஃபோல்டருக்கு மாற்றி முடித்ததும் கதவு திறந்தது. தையல்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள், பின்னாலேயே டாக்டர்.

“பத்து நிமிஷம்தான் இருக்கு எனக்கு,” என்றார் டாக்டர், உட்காராமலே.

முதல் வீடியோவை ஓடவிட்டேன். தங்கை ஊசியைக் காட்டுகிறாள். தையல்காரர் வாயைத் திறக்கிறார். வெறும் காற்று. அடுத்ததிலும் காற்று. அதற்கடுத்ததிலும்.

“அது அவர் மூச்சு,” என்றார் அவர் மனைவி மெதுவாக. “பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா.”

முப்பதாவதில் உதடு குவிந்தது. ஐம்பத்திரண்டில் தொண்டைக்குள் ஏதோ உருண்டது. எழுபதைத் தாண்டியதும் ஒரு ‘ஊ’, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. நடுவில் இருபது நாள் அதுவும் இல்லாமல் போயிற்று. பிறகு திரும்பி வந்தது, நீளமாக. நூற்று அறுபதுக்குப் பக்கத்தில் நாக்கு மேலேறப் பார்த்து விழுந்தது. மறுநாளும் ஏறியது, விழுந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுக்கும் உதவாத வீடியோக்கள். வரிசையாகப் பார்க்கையில் வேறொன்று தெரிந்தது. ஒரு மனிதன் ஒரே ஒரு சொல்லை ஒன்றுமில்லாததிலிருந்து செய்துகொண்டிருந்தான். அதை நான் குப்பை என்று கொட்ட இருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டர் எப்போது உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை. தையல்காரர் தன்னையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் நாக்கு ஏறும்போதெல்லாம் அவர் வாயும் அசைந்தது.

கடைசி வீடியோ. “ஊ… ச்…” அவ்வளவுதான்.

“இதையெல்லாம் ஏம்மா எங்கிட்ட முன்னாடியே காட்டலை?” என்றார் டாக்டர்.

“எனக்கே இப்பத்தான் தெரியும், டாக்டர்.”

அவர் பயிற்சியை நீட்டிக்கும் தாளை வாங்கி, இன்னும் ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பத்து நிமிடம் என்றவர் முக்கால் மணி நேரம் இருந்திருக்கிறார்.

கடைக்கு வாங்கியிருந்த புது டிஸ்க் என் பையில் இருந்தது. தொட்டியில் கிடந்த மற்றவர்களின் வீடியோக்களையும் அதற்கு மாற்றிவிட்டுத்தான் அவளுடைய தொட்டியைக் காலி செய்தேன். சிவப்பாக இருந்த கோடு சரசரவென்று சுருங்கியது. இதே வேலையை ஆயிரம் முறை செய்திருப்பேன். அன்றுதான் வாய் பிளந்து பார்த்தேன்.

“அண்ணே, வாங்க, இன்னிக்கு ஒண்ணு எடுத்துடலாம்,” என்று தங்கை தையல்காரரைக் கண்ணாடி முன் உட்காரவைத்தாள்.

அவர் முயன்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “ஊ…” என்று வந்து, அப்புறம் வெறும் காற்றானது. நேற்றையதைவிட மோசம்.

பழக்கதோஷத்தில் தங்கையின் விரல் அழிக்கும் பட்டனுக்குப் போனது. தையல்காரர் தன் நல்ல கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையாட்டிவிட்டு, இருநூற்றுப் பதினைந்து என்று எண் போட்டு அதைச் சேமித்தாள்.