நரம்பலிக்கு ஒரு கோணி

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு மலையில் கிடைக்கவில்லை. பட்டினப்பாக்கத்தில் அரைக் கிலோ சங்கரா மீன் வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. நான் மலையேறுகிற ஆள் இல்லை. அபிராமபுரத்தில் என் வீடு இரண்டாவது மாடி, அதற்கே லிஃப்ட்.

மீன் விற்கும் ஜெசிந்தாம்மாவின் ஐஸ் பெட்டிக்குப் பின்னால், நிழலில், ஒரு பெயிண்ட் வாளி இருந்தது. வாளியைச் சுற்றி ஈரக் கோணி. வாளிக்குள் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கன்று.

"என்ன செடிம்மா இது?"

"கிறிஸ்மஸ் மரம் சார்."

"மாங்கன்னு மாதிரி இருக்கே?"

"எம் பொண்ணு ஏஞ்சலும் அப்டித்தான் நக்கல் பண்ணுது. எங்க வூட்டுக்காரரு மலைலேர்ந்து எடுத்தாந்தாரு சார். ஊசியிலை ஜாதி, பேரு நரம்பலின்னாரு. அவரு சொன்னா கரீட்டாத்தான் இருக்கும்."

அவர் கணவர் ஆண்டனி, மலையில் ஒரு நாற்றங்காலுக்கு ஜீப் ஓட்டியவர். நாற்றங்காலை மூடியபோது தூக்கிப்போட்ட கன்றுகளில் ஒன்றை மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அப்போது அது விரல் நீளம். ஆண்டனி இறந்து நாலு வருஷம் ஆகிறது. கன்றுக்கு வருஷா வருஷம் டிசம்பரில் ஸ்டார் கட்டுகிறார்கள்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "மேகங்கள் மலையின் தோளில் தலை சாய்த்து" — வேண்டாம். மேகத்துக்குக் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

இரண்டாவது: "அந்த மரம் யுகயுகமாகக் காத்திருந்தது." யாருக்கு? எனக்கா? சும்மா இருங்கள்.

மூன்றாவது: "ஜெசிந்தா மிச்ச ஐஸை மரத்தின் வேரில் கொட்டினார்." இது பிடித்திருந்தது, வைத்துக்கொண்டேன்.

[அடிக்குறிப்பு: அவர் வேரில் ஐஸ் கொட்டியதே இல்லை. கோணிக்கும் வாளிக்கும் நடுவே திணிப்பார், மீனுக்குச் செய்வதைப்போல. நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே எழுதிவிட்டேன். இந்தப் புத்தி பின்னால் என்ன செய்தது என்று ஐந்தாம் பகுதியில் பாருங்கள்.]

3

கொஞ்சம் படித்ததைச் சொல்கிறேன், கொட்டாவி விடாதீர்கள். கோட்டூர்புரம் நூலகத்து ஏசியில் எனக்கே இரண்டு தடவை வந்தது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாக வளரும் ஊசியிலை வகை மரம் நரம்பலி ஒன்றுதான். ஆனால் அதற்கு ஊசி கிடையாது, அகல இலை. அகல இலைக்கு நடுநரம்பும் கிடையாது. மழைக்காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். கன்றுகள் பெரிய மரங்களின் நிழலில் மெதுவாக, மிக மெதுவாக வளரும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டும் மகரந்தம் எட்டுகிற தூரத்தில் இருந்தால்தான் விதை. நடுவில் காட்டை வெட்டி எஸ்டேட் போட்டால் முடிந்தது கதை.

இந்த இடத்தில் "துணையிழந்த ஒற்றை மரம், துணையிழந்த பெண்" என்று ஓர் உவமை வந்து கதவைத் தட்டியது. வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தாவரவியல் படித்த ஜுவேரியா எனக்குத் தெரிந்தவர். படம் அனுப்பினேன். பத்தே நிமிஷத்தில் ஃபோன்.

"சார், இது நரம்பலியேதான். இது சென்னைல என்ன பண்ணுது?"

"மீன் விக்குது."

அவர் சிரிக்கவில்லை. அவருடைய குழுவினர் மலையில் ஒரு தோட்டத்தில் நரம்பலிக் கன்றுகள் சேர்க்கிறார்களாம், ஒவ்வொன்றும் முக்கியமாம். ஆணா பெண்ணா என்பது காய்க்கிற வயது வந்தால்தான் தெரியும். ஜூன் மழை தொடங்கியதும் ஜீப்போடு வந்து எடுத்துப்போகலாமா என்று கேட்டார்.

ஜெசிந்தாம்மாவிடம் கேட்டேன். ஒரே நிபந்தனை போட்டார்: "என்னையும் ஏத்திக்கினு போனா தரேன். அவரு பாத்த மலைய நான் ஒரு தபா பாக்கணும்."

"மலை பாக்கணும்னா நானே டிக்கெட் எடுத்துத் தரேனே ஜெசிந்தாம்மா."

"சுத்திப் பாக்கவா சார் போறேன்? அவரு எடுத்தாந்தத கொண்டுபோய் வுடப் போறேன். வெறுங்கையோட போய் இன்னா பண்ணுவேன்?"

4

மே மாதம் ஜெசிந்தாம்மா இருந்த பழைய அடுக்குமாடி பிளாக்கை இடித்துக் கட்டுவதற்காகக் காலி செய்தார்கள். அவருக்குத் தற்காலிகமாகப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடி.

"அங்க வெயிலு நேரா மூஞ்சில அடிக்குது சார். ஜீப் வர வரைக்கும் உன் வூட்ல வச்சுக்கிறியா? கோணி மட்டும் காயாம பாத்துக்க. வேற ஒண்ணும் வாணாம்."

தலையாட்டினேன். ஒரு கதாபாத்திரம் தன் மரத்தை எழுத்தாளனிடமே ஒப்படைக்கிறது, எவ்வளவு அருமையான திருப்பம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோணி பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

5

மூன்றாம் நாள் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ரகுபதி வந்தார். நல்ல மனிதர், உள்ளே வராமல் வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பால்கனிலேர்ந்து ஒரு மாதிரி கவுச்சி வாசனை வருதுன்னு கீழ்வீட்ல சொல்றாங்க."

கோணிதான். வருஷக்கணக்கில் மீன் ஐஸ் குடித்த கோணி. நான் இந்தக் கட்டடத்தில் கீரைக்கட்டுக்கு அடியில் மீனை ஒளித்துக் கொண்டுவருகிறவன். எனக்கு வாதாடத் தெம்பு ஏது? கோணியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். படித்த புத்தகத்தில் எங்கேயும் கோணி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குப் பதிலாக மூன்று வேளை தண்ணீர் ஊற்றினேன். நல்ல வெளிச்சம் படட்டும் என்று வாளியைக் கம்பி ஓரமாக நகர்த்தியும் வைத்தேன். அக்கினி நட்சத்திரத்தில்.

வாளி கொதித்தது. இலைகள் முதலில் மஞ்சளாயின, பிறகு உதிர்ந்தன.

ஜெசிந்தாம்மா தினம் ஃபோன் செய்தார்.

"மரம் எப்டி கீது சார்?"

"நல்லா இருக்கு."

இந்தக் கதையில் புனைவு எது என்று யாராவது கேட்டால், இந்தப் பதில்தான்.

6

முடிவுகள் சிலவற்றை முயன்று பார்த்தேன்.

முடிவு அ: மறுநாள் காலை ஒரு துளிர். (இதை எழுதியபோது எனக்கே வெட்கமாக இருந்தது.)

முடிவு ஆ: எழுத்தாளன் அடையாறில் ஒரு நர்சரிக்குப் போய், இடுப்பு உயர மாங்கன்று வாங்கி, அதே வாளியில் —

இதை எழுதவில்லை. செய்யவே போனேன். நர்சரிக்காரர் "ஒட்டா, நாட்டா?" என்று கேட்டார். ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டேன். ஜுவேரியா பார்த்த நொடியில் கண்டுபிடித்துவிடுவார் என்பதால்தான். யோக்கியதையால் அல்ல.

7

ஆகவே ஜெசிந்தாம்மாவுக்கு ஃபோன் செய்து உண்மையைச் சொன்னேன்.

"கோணிய கயட்டிட்டியா?"

"வாசனை வருதுன்னு சொன்னாங்கம்மா..."

"இன்னா சார் நீ. அதே மீனத்தான துன்ற?"

இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டார். தலையில் கூடை, கூடைக்குள் ஐஸ், புதுக் கோணி. லிஃப்டில் ரகுபதி, "யாரப் பாக்கணும்?" என்றாராம். "என் மரத்த" என்றாராம். தரையெல்லாம் சொட்டச் சொட்ட உள்ளே வந்து, வாளியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் நிழலுக்கு இழுத்து, கோணியைச் சுற்றி, நடுவில் ஐஸைத் திணித்தார். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். மேலே பழுப்பு. அடியில் பச்சை, அல்லது பச்சை மாதிரி.

"பொழைக்குமா?"

"பொழைக்கும். பொழைக்காமயும் பூடும்."

பிறகு தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியது ஆண்டனியை.

"பதினோரு வருசம் மலைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தாரு. ஒரு தபா வாடின்னு இட்னு போனாரா? செடியத்தான் மடில வச்சி எடுத்தாந்தாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாக இருந்தது. இதை அழகாகச் சொல்ல வழி தேடவில்லை.

எழுந்து போகும்போது கதவருகே நின்று, "கோணி காயக் கூடாது" என்றார். இந்தத் தடவை மண்டையில் ஏறியது.

8

அதற்குப் பிறகு ரகுபதி இரண்டு முறை வந்தார். கவுச்சிதான், மீன் திங்கிற வீடுதான், சங்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். கீரைக்கட்டின் காலம் முடிந்தது.

நாளைக் காலை ஆறு மணிக்கு ஜீப். ஜெசிந்தாம்மா சேலை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாராம். ஏஞ்சல் ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறாளாம். மரத்தில் ஒன்பது இலை இருக்கிறது. இதற்குமேல் எனக்குத் தெரியாது.

மிச்சக் கதையை மலை வரைக்கும் நீங்கள் கொண்டுபோங்கள். மரத்தை மடியில் வைத்துக்கொள்ள ஜெசிந்தாம்மாவிடம் சொல்லுங்கள். எனக்கு இங்கே உட்கார்ந்து எழுத நேரமில்லை. இந்தப் பத்தியைத் தொடங்கும்போது ஈரமாக இருந்த கோணி, இப்போது ஓர் ஓரம் காய ஆரம்பித்துவிட்டது.