பிடியரிசிக் கலயத்தில் ஒரு ஓட்டு

அருமைநாயகம் அண்ணாச்சிக்கு என்மேல் இரக்கம் அதிகம். எங்கே கண்டாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். கேட்கமாட்டார், பிடிப்பார். கை எப்போதும் ஈரமாக இருக்கும். வேர்வையா வெற்றிலை எச்சிலா என்று அவருக்கே தெரியாது. "பைய லே, படி இருக்கு லே" என்று, சின்ன வயசிலிருந்து நான் ஏறி இறங்குகிற சபைக் கோயில் படியை எனக்கே காட்டிக்கொடுப்பார். சுற்றி நிற்பவர்கள், "அண்ணாச்சிக்கு என்ன மனசு பாருங்க" என்பார்கள். எனக்குக் குமட்டும். அவர் போனபிறகு கையை வேட்டியில் துடைத்துக்கொள்வேன்.

நான் கிருபைராஜ். பாளையங்கோட்டையில் குருடர் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னிப் பிழைக்கிறவன். என் சோறு என் சம்பாத்தியம். சபைக்குச் சங்கக் காணிக்கையும் என் கையால்தான் கொடுக்கிறேன். கெசியாவும் அதே பள்ளிக்கூடம்தான். அவளுக்கும் பிறவியிலேயே பார்வை கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குப் புள்ளி எழுத்து, அதாவது காகிதத்தில் புடைத்து நிற்கிற புள்ளிகளை விரலால் தடவிப் படிக்கிற எழுத்து, சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணம் என்று எங்களுக்குள் பேசி முடிவுசெய்துகொண்டு, ஓலை வாசிக்கச் சொல்லி சபைப் போதகரான ஐயரிடம் போய் நின்றோம். எங்கள் பக்கத்தில் வேதக்காரர்களான கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணம் என்றால், மூன்று ஞாயிறு ஆராதனையில் மாப்பிள்ளை பெண் பெயரை வாசித்து, யாருக்கும் தடை உண்டா என்று சபையைக் கேட்கவேண்டும். அதற்குத்தான் ஓலை என்று பேர். எங்கள் ஐயர் தங்கமான மனுஷர். ஆனால் சபைக் கமிட்டியைக் கேட்காமல் தும்மக்கூட மாட்டார். கமிட்டியில் எங்கள் தெருவுக்கு இருந்த ஒரே இடத்தில் அருமைநாயகம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு குருடு போதாதா ஐயரே? ரெண்டும் சேந்து அடுப்பப் பத்தவச்சா தெருவே எரிஞ்சுபோவும்லா!" என்று அவர் சொன்னதை, வெளி வராந்தாவில் நின்று நான் கேட்டேன். உள்ளே இருந்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் அத்தனை பிள்ளைகளுக்கும் கெசியா கஞ்சி காய்ச்சி இறக்குகிறாள் என்று அவர்களில் எவனுக்கும் தெரியாதா? தெரியும். சிரிக்கிறதற்கு ஒன்று வேண்டியிருந்தது, சிரித்தார்கள். ஓலை நின்றுபோயிற்று.

டெல்லியில் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவுக்கு முடிசூட்டு தர்பார் நடந்த மறு வருஷம் கமிட்டித் தேர்தல் வந்தது. இந்தத் தடவை அண்ணாச்சியை எதிர்த்து இஸ்ரவேல் வாத்தியார் நின்றார். வாத்தியார் பிரம்புக்கட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தம்பி, நான் உள்ள போனா ஒங்க ஓலைதான் எனக்கு மொதக் காரியம்" என்றார். குரல் கனிந்திருந்தது. நான் நம்பினேன்.

அதற்கு முந்தின தேர்தல் எப்படி நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். அப்போது கைதூக்கல். ஐயர் பேரைச் சொல்லுவார், வேண்டியவர்கள் கையைத் தூக்கவேண்டும். அருமைநாயகம் பேரைச் சொன்னபோது நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு ஈரக்கை வந்து என் கையைப் பிடித்து மேலே தூக்கியது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை. எண்ணி முடித்த பிறகுதான் விட்டது. சீ! என் கை, என் தோளில் முளைத்த கை, இன்னொருத்தனுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு என் மடியில் வந்து விழுந்தது.

கைதூக்கலால் தெருவில் சண்டையும் வந்தது. நீ அவனுக்குத் தூக்கினாய், உன் வீட்டில் இனிப் பெண் எடுக்கமாட்டோம் என்கிற அளவுக்குப் போயிற்று. அதனால் இந்த முறை இரகசிய ஓட்டு என்று ஐயர் முடிவுசெய்தார். எங்கள் பெண்கள் உலை வைக்குமுன் கோயிலுக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அந்தப் பிடியரிசிக் கலயங்களில் இரண்டைக் கவிழ்த்துத் துடைத்து, ஆளுக்கொரு கலயமாக, பேரெழுதிய சீட்டை ஒட்டிப் பக்கத்து அறையில் வைப்பது. காணிக்கை கொடுக்கிற ஆண்கள் ஒவ்வொருவராக உள்ளே போய், தனக்குக் கொடுத்த புளியமுத்தை, ஒற்றைப் புளியங்கொட்டையை, வேண்டிய கலயத்தில் போட்டுவிட்டு வரவேண்டும். உள்ளே வேறு ஆள் கிடையாது.

நான் ஐயரிடம் போனேன். "எனக்கும் தனியாப் போயிப் போடணும் ஐயரே. கலயத்துல புள்ளி எழுத்துலயும் பேரு இருந்தா நானே தடவிப் படிச்சுக்கிடுவேன்."

"அதுக்கென்ன, எழுதிக் கொண்டா. ஒட்டச் சொல்லுதேன்" என்றார் ஐயர்.

கெசியா இரண்டு கெட்டிக் காகிதத்தில் இரண்டு பேரையும் குத்தினாள். ஒவ்வொரு புள்ளியும் கடுகு போல நின்றது. எது யார் பேர் என்று மற்றவர்களுக்குத் தெரிய, ஓரத்தில் மையால் எழுதி வாங்கிக்கொண்டோம். அதைக் கோயிலைப் பெருக்கி மணியடிக்கிற சாலமோனிடம் கொடுத்தேன். "கவலப்படாதிய, நல்லா ஒட்டிருதேன்" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்யப்போகிறேன்! கண்ணுள்ளவர்களுக்கு இது விளங்காது. எங்கள் காரியம் எல்லாவற்றுக்கும் எப்போதும் பக்கத்தில் ஒரு சாட்சி நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஓட்டு ஆரம்பமாயிற்று. என் முறை வந்ததும் மணிக்கட்டில் ஈரம் பட்டது.

"வாலே, நான் கூட்டிட்டுப் போயி கலயத்துமேல கைய வச்சு விடுதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி. போன தடவ தூக்கிவிட்டதே போதும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மேசை அகப்பட்டது. முதல் கலயம் அகப்பட்டது. அதன் அடிவயிற்றில் சீட்டு ஒட்டியிருந்தது. தடவினேன். கஞ்சிப்பசை ஈரம் இன்னும் காயவில்லை. காகிதம் வழுவழுவென்று இருந்தது. மறுபடி தடவினேன், நகத்தால் வருடினேன். ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த கலயமும் அப்படியே. இரண்டும் ஒரே மொழுக்கு. புளியமுத்தைப் போடாமல் கையில் பிடித்துக்கொண்டேன்.

வெளியே வந்தேன். "ஐயரே, சீட்டுல புள்ளி இல்ல."

"நாந்தான் சரியாக்குனேன்" என்று சாலமோன் பெருமையாக முன்னால் வந்தான். "ஒட்டினா ஒரே மேடும் குழியுமா அம்மத் தழும்பு மாதிரி இருந்துச்சு. கோயில் சாமானுக்கு இது என்ன அசிங்கம்னு, பசைய ரெண்டு பக்கமும் தடவி ஊறவிட்டு, சீசாவ வச்சு உருட்டி உருட்டி நைஸாக்குனேன். இப்ப பாருங்க, எப்படி இருக்கு!"

கோயில் முழுக்கச் சிரித்தது. ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம், எல்லாம். சாலமோன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, பாவம், அவன் அக்கறையாகத்தான் செய்தான். அந்தச் சிரிப்புத்தான் எனக்கு அருவருப்பாக இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமிக்கொண்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். அதே காலையில்தான் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னார்கள்.

பெண்கள் பக்கமிருந்து கெசியா எழுந்தாள். "புள்ளி குத்துற சிலேட்டும் ஊசியும் பள்ளிக்கூடத்துல இருக்கு. போயி எடுத்துட்டு வந்து வேற குத்தித் தாரேன். ஒட்டாண்டாம், நூலால கட்டுங்க."

"அம்மா, எனக்கு அடுத்த ஊர்ல ஆராதனை இருக்கு, வண்டி பூட்டியாச்சு" என்றார் ஐயர். "கிருபை, என் காதுல பைய சொல்லு. நான் போட்டுருதேன்."

"அது எப்படி?" என்றார் அருமைநாயகம் அண்ணாச்சி. "காதுல சொன்னா ஐயர் எதுல போட்டாருன்னும், எடது வலதுன்னு சொல்லிவிட்டா சரியாச் சொன்னாரான்னும் எங்களுக்கு எப்படித் தெரியும்? ஐயர்மேல ஒரு சொல்லு வரப்படாதுல்லா? முனிசிபாலிட்டி எலெக்ஷன்லயும் எழுதத் தெரியாதவன் வாயாலதான் சொல்லுதான். எல்லாருக்கும் கேக்கும்படி சத்தமாச் சொல்லட்டும். இவனுக்கு என்னவே ரகசியம்?"

இஸ்ரவேல் வாத்தியார் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசினார். "சொல்லிரு தம்பி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதான, நீ யாருக்குன்னு."

தெரிந்ததுதானாம்! அத்தனை பேருடைய முத்தும் கமுக்கமாக உள்ளே விழுந்திருக்க, நான் மட்டும் நடுக்கோயிலில் அம்மணமாக நிற்கவேண்டும். முத்தை எறிந்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் ஓலை இருக்கிறதே, கெசியா இருக்கிறாளே. "இஸ்ரவேல் வாத்தியாருக்கு" என்று கத்தினேன். ஐயர் முத்தை வாங்கிப்போய்க் கலயத்தில் போட்டார்.

வாத்தியார் ஜெயித்தார். மாலை போட்டு மேளத்தோடு தெருவில் கூட்டிக்கொண்டு போனார்கள். முதல் கமிட்டிக் கூட்டம் முடிந்த மறுநாள், வாயெல்லாம் பல்லாக அவர் வீட்டுக்குப் போனேன். எனக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார். அப்போதே சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

"தம்பி, நீ தப்பா எடுத்துக்கிடப்படாது. ஒன் காரியத்த நான் இப்ப எடுக்க முடியல."

"ஏன் வாத்தியாரே?"

"நீ சபை நடுவுல என் பேரச் சத்தமாச் சொல்லிட்ட. இப்ப நான் ஒனக்காகப் பேசுனா, ஓட்டுக்குக் கைமாறுன்னு அருமைநாயகம் ஆளுவ சொல்லுவாங்க. என் பேரு கெட்டுப்போவும். ரகசியமா இருந்திருந்தா தோதாப் பேசியிருப்பேன். ஒரு ரெண்டு மூணு வருசம் போவட்டும்."

"சத்தமாச் சொல்லுன்னு சொன்னது நீங்கதான?"

"நல்லதுக்குத்தானப்பா சொன்னேன்" என்றார் அந்த மனுஷர். காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஈரக்கைக்காரனாவது எதிரி என்று தெரிந்து தொலைத்தவன். இது என்ன ஜென்மம்! தூ!

கெசியாவிடம் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். "இந்தச் சபையில ஒரு ஆளுக்காவது வெக்கம் இருக்கா?" என்றாள். சிலேட்டையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு, "ஒங்கள மட்டுந்தான சத்தமாச் சொல்லச் சொன்னாங்க? இனி அவங்க சொல்லட்டும். ஓலைய நான் குத்தித் தாரேன், நீங்க வாசிங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு ஐயர் வேறு ஒரு ஜோடிக்கு ஓலை வாசித்து முடித்தார். அவர் அடுத்த வார்த்தை எடுக்குமுன் நான் எழுந்து நின்றேன். காகிதத்தை நெஞ்சோடு சாய்த்து வைத்து, விரலை ஓட்டி, கோயிலின் கடைசிப் பாய் வரைக்கும் கேட்கும்படி வாசித்தேன்.

"இந்தச் சபையைச் சேர்ந்த கிருபைராஜும், இதே சபையைச் சேர்ந்த கன்னி கெசியாவும் விவாகம் செய்துகொள்ள மனதாயிருக்கிறார்கள். இவர்கள் சேரக்கூடாது என்பதற்குத் தடை சொல்லுகிறவர்கள் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொல்லவேண்டும்."

விசிறி மட்டைகளின் சத்தம் நின்றுபோயிற்று.

"கிருபை, இது முறையில்ல..." என்று ஐயர் மெல்ல ஆரம்பித்தார்.

"தடை சொல்லுதியளா ஐயரே?"

ஐயர் நாற்காலியில் உட்காருகிற சத்தம் கேட்டது.

"அருமைநாயகம் அண்ணாச்சி, ஒங்களத்தான் கேக்கேன். ரகசியமில்லாமச் சொல்லுங்க. வேதப்புஸ்தகத்துல எந்த இடத்துல தடை இருக்குன்னும் சேத்துச் சொல்லுங்க."

பெஞ்சு முனகியது. கமிட்டிக் கதவுக்குள்ளே தெரு எரிந்துபோகும் என்று சிரித்த வாய், பெண்டாட்டி பிள்ளைகள், சம்பந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் அதைச் சொல்லத் துணியவில்லை. "எனக்கென்னலே தடை? நான் ஒன் நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார்.

"தடை இல்லன்னு சொல்லுதிய. நன்றி அண்ணாச்சி."

அந்த நிமிஷமே, மறு பக்கத்திலிருந்து இஸ்ரவேல் வாத்தியாரின் கனிந்த குரல் எழும்பியது. "எனக்கும் தடையில்ல ஐயரே! நான் மொதல்லருந்தே இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் பேசிட்டு வாரேன்."

வாய் நிறைய எச்சில் ஊறிவிட்டது எனக்கு. கோயில் என்பதால் துப்பாமல் விழுங்கினேன்.