பத்தி பிடிக்காத கை

இறந்தவரின் மூத்த மகன் குவோட்டாங் வெள்ளைத் துணியைக் கிழித்து, துக்கத்துக்குத் தலையில் கட்டிக்கொள்ள உறவினர்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தார். தம்பி மனைவி ஃபெங்லியனின் முறை வந்ததும் மீதித் துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“அப்பாவுக்கு ஒரு பத்தி பிடிக்க மாட்டா, மண்டி போட மாட்டா. இவளுக்கு எதுக்குத் துணி? வெள்ளைக்காரி சாமி வீட்டுக்கே மருமகளாப் போகட்டும்.”

“அங்க அழுதா சம்பளம் உண்டாண்ணே?” என்றான் மேளக்காரன். சிலர் சிரித்தார்கள். ஃபெங்லியனின் கணவன் சவப்பெட்டியைப் பார்த்தபடியே நின்றான்.

வாசலுக்கு வெளியே நின்ற ஐலாவுக்கு எல்லாம் புரிந்தது. பின்லாந்திலிருந்து சீனாவின் இந்த ஹூனான் மலையூருக்கு வந்து வெகு காலமாகிறது. பள்ளியில் ஆங்கிலம், ஞாயிறுகளில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, நாலைந்து பெண்களுக்குப் பைபிள். இறந்தவர்களுக்குப் பத்தி கொளுத்தி வணங்கக் கூடாது என்று ஃபெங்லியனுக்குச் சொன்னது அவள்தான். சொன்ன அன்று யாரும் சாகவில்லை. வெளிநாட்டுக்காரர் மதம் சொல்லிக்கொடுப்பது இங்கே குற்றம். இப்போது உள்ளே போய்ப் பேசினால் யாராவது போலீசுக்குப் போன் போடுவார்கள். மற்றப் பெண்களும் மாட்டிக்கொள்வார்கள்.

ஃபெங்லியன் வெளியே வந்தாள். படுக்கையில் கிடந்த மாமனாருக்குக் கஞ்சி ஊட்டி, கழுவித் துடைத்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டையில் தேய்த்தாள்.

“டீச்சர், உங்க அப்பா செத்தப்போ போன்ல காட்டுனீங்களே. உங்க அண்ணன் பெட்டி மேல பூ வெச்சாரு. தலை குனிஞ்சாரு.”

“ஆமா.”

“நீங்க அழுதீங்க. நான்தான் பக்கத்துல இருந்தேன்.”

“ஆமா, ஃபெங்லியன்.”

“பூ வெக்கலாம். பத்தி வெக்கக் கூடாதா?”

ஐலாவிடம் பதில் இருந்தது. பல பேருக்குச் சொன்ன பதில்.

“சரின்னு சொல்லுங்க, இப்பவே போய் விழுந்துடறேன். கூடாதுன்னு சொல்லுங்க, நின்னுக்கறேன். ஏதாவது சொல்லுங்க டீச்சர்.”

ஐலா அவள் கையைப் பிடித்தாள். அதற்குள் வெடி வெடித்தது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

ஃபெங்லியன் கையை விடுவித்துக்கொண்டு, கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டை உருவினாள். மாமனாருக்கு வாய் துடைத்த துண்டு. தலையில் கட்டிக்கொண்டு ஊர்வலத்துக்கு வெகு பின்னால் தனியாக நடந்தாள்.

பாலத்தருகே, எல்லாரும் விழுந்து வணங்க, பெட்டி நின்றது. வெள்ளைத் துணி கட்டிய தலைகள் ஒவ்வொன்றாகச் சாலையில் தாழ்ந்தன. அவள் மட்டும் நின்றாள். நின்றபடியே திரும்பி, வாசலிலேயே நின்றுவிட்ட ஐலாவைப் பார்த்தாள். நடுவில் வெடிப்புகை கலையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.